இஞ்சின் இல்லாத மாஸ்டா

என் வீட்டுக்காரருக்கு வயிறு எரிந்தால் பியட் காரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஏற்கெனவே பளபளவென்று நிற்கிற வண்டியை இன்னொரு தடவை துடைப்பார். அது முடிந்ததும் சக்கரத்துக்கு உள்பக்கம், பானட்டுக்கு அடிப்பக்கம் என்று யாரும் பார்க்காத இடத்தையெல்லாம் துடைப்பார். தேயிலை விலை விழுந்த அந்த வருஷங்களில் எங்கள் பியட்டின் பெயிண்ட் தேய்ந்துபோனதற்கு ஜெகதளா ஊர் மழை காரணமில்லை. நல்லசாமிதான் காரணம்.

நல்லசாமி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் பாடு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் பெயர் கொர்னேலியஸ். எஸ்டேட் பாக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர். குன்னூர் வட்டாரத்தில் எந்த பாக்டரியில் இலை உருட்டுகிற ரோலர் மக்கர் பண்ணினாலும் ஜீப் அனுப்பி இவரைத்தான் அழைத்துப் போவார்கள். அப்புறம் தேயிலை விலை சரிந்தது. பச்சை இலையைப் பறிக்கிற கூலிகூடக் கட்டுப்படியாகவில்லை என்று சனங்கள் செடியை அப்படியே விட்டார்கள். பாக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின, இவருடையதும் மூடியது. நான் கான்வென்ட் பள்ளியில் பிலோமி டீச்சர், அதனால் அடுப்பு எரிந்தது. ஆனால் இவரைத் தேடி ஜீப் வருவது நின்றுபோயிற்று. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எங்கும் போகமாட்டார்.

மிச்சம் இருந்தது அந்த பியட்டும் அது வாங்கிக்கொடுத்த கோப்பைகளும்தான். ஒவ்வொரு மே மாதமும் பழைய கார்கள் எல்லாம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஊர்வலமாக ஏறும். ஊட்டியில் மைதானத்தில் நிறுத்திப் பார்வையிட்டு, சிறந்த காருக்கு ஒரு கோப்பை தருவார்கள். வருஷா வருஷம் அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஹாலில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஒரு பலகை உண்டு. கோப்பைகள் வரவர, அங்கே இருந்த மாதா சொரூபம் ஓரமாக நகர்ந்துகொண்டே போனது. பாக்டரி மூடியபிறகு இவர் தினமும் காலையில் அந்தப் பலகை முன்னால் நின்றுதான் காபி குடிப்பார். அந்தக் கோப்பையும் ஒரு வருஷம் வராமல் போனால் இவர் என்ன ஆவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கும் அது முக்கியமாகத்தான் இருந்தது.

நல்லசாமி அன்னூர்ப் பக்கத்துக்காரர். குன்னூர் மார்க்கெட்டில் பழைய மெஷின் சாமான் வியாபாரம். மூடின பாக்டரிகளுக்குப் போய் மோட்டார், விசிறி, இரும்பு என்று மொத்தமாக எடுத்து வருவார். ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அவர் லாரி மட்டும் நிற்காமல் ஓடியது. போகும்போதெல்லாம் இவரையும் அழைத்துப் போவார். "அண்ணன் கண்ணுல பட்டாப் போதுமுங்க, எது நல்லது எது சொத்தைன்னு சொல்லிருவாரு" என்பார். அவர் சம்சாரம் ஜானகியும் நானும் நல்ல சினேகிதம். அவர்கள் வீடு எங்கள் தெருவுக்குக் கீழே.

அப்படித்தான் ஒருநாள் இரண்டு பேரும் தேவர்சோலைக்குப் போனார்கள். மூடிக் கிடந்த ஒரு பாக்டரியில் இலை வாட்டுகிற பெரிய விசிறிகள் விலைக்கு வந்திருந்தன. விசிறிகளுக்குப் பின்னால் சாக்குக் குவியல். சாக்கை இழுத்தால் உள்ளே ஒரு கார். மாஸ்டா என்று எழுதியிருந்தது. முதலாளியின் மகன் மலேசியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். "ஓடூல்லா. வேணும்னா எடுத்தோளூ" என்றாராம் அங்கிருந்த மலையாளி மேனேஜர்.

என் வீட்டுக்காரர் பானட்டைத் திறந்தார். எலிக் கூடு, சருகு, தூசி. அதற்கெல்லாம் அடியில் பந்தை நசுக்கி வைத்தது போல சின்னதாக ஒரு இரும்பு. மேலே சிலிண்டர் ஹெட் இல்லை, வால்வு இல்லை, பிஸ்டன் இருக்கிற அடையாளமே இல்லை. இவர் சிரித்துவிட்டார். "நல்லசாமி, இதுல இஞ்சினே இல்ல. எவனோ கழட்டித் தின்னுட்டான். தண்ணி மோட்டார் மாதிரி எதையோ மாட்டி வச்சிருக்கான். தகரத்துக்கு வேணும்னா எடுத்துக்க" என்று அந்தக் கட்டடமே கேட்கிற மாதிரி சொன்னார். மேனேஜரும் கேட்டார். கேட்டுவிட்டு, தனியாக விலை பேசாமல் விசிறிகளோடு சேர்த்து அதையும் லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நல்லசாமி மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். ஜானகியின் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். காரின் போட்டோவை அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவன் போனில் கத்தினானாம்.

"அண்ணா, அதுல இருக்கறதுதானுங்ணா இஞ்சினு! முழு இஞ்சினு! ரோட்டரின்னு பேராமா. பிஸ்டனே கிடையாதாமா. உள்ளார முக்கோணமா ஒண்ணு சுத்துமாமா. இந்த வண்டியெல்லாம் நம்ம நாட்டுல விரல் விட்டு எண்ணிரலாம்னு சொல்றானுங்ணா!"

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது. இருபது வருஷம் மெஷினோடு குடித்தனம் நடத்தினவர், இஞ்சினைக் கண்ணால் பார்த்து இஞ்சின் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கைக்கு வந்ததை அடுத்தவர் லாரியில் தானே ஏற்றிவிட்டிருக்கிறார். ஆனாலும் கெத்து விடுமா? காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெரியும்" என்றார்.

"தெரியுமுங்களா?"

"தெரியாமயா இருக்கும்?"

நல்லசாமி இவரை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். கண் கலங்கினாற்போல எனக்குத் தோன்றியது. பிறகு இவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டு, பெரிய மனது பண்ணி வெளியே சொல்லாமல் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இவரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு பியட்டின் டிக்கியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே நல்லசாமி ஷெட்டுக்குப் போவது வழக்கமாயிற்று. உதவப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டார். குறை சொல்லப் போனார் என்பது என் கணக்கு. ஆனால் இஞ்சினைப் பிரித்த அன்று இவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். கையெல்லாம் கிரீஸ். சோற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"முக்கோணம், பிலோமி. ஓரமெல்லாம் உப்பின முக்கோணம். அது முட்டை மாதிரி ஒரு கூட்டுக்குள்ள சுத்துது. மேலயும் கீழயும் குதிக்கிற சாமானே இல்ல. எத்தன அழகு தெரியுமா? அதெப்படி ஒருத்தனுக்கு இது தோணிருக்கும்?"

"நல்ல விஷயந்தானுங்களே" என்றேன்.

"என்ன நல்ல விஷயம்? அது போயி அவன் ஷெட்டுலயா கிடக்கணும்?" என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

முக்கோணத்தின் மூன்று முனையிலும் குச்சி போல ஒரு சீல் இருக்குமாம். அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போனால்தான் உள்ளே அழுத்தம் கசியாமல் இருக்குமாம். பழைய சீல் எல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. புதுசு சிங்கப்பூரிலிருந்து வந்தது. நல்லசாமி ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வைத்தார். எண்ணெய்க் கசிவு, கார்புரேட்டர், வயரிங் என்று எங்கே சிக்கினாலும் "அண்ணா" என்று ஆள் அனுப்புவார். இவரும் போவார். போகாவிட்டால் வேறு எவனையாவது கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். போனால் வண்டி சரியாகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் இவர் இளைத்துப்போனார்.

எனக்கும் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன். காருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று நல்லசாமி ஜானகியைத்தான் கேட்டார். அவள் வாசலில் பூத்திருந்த செண்டுமல்லியைக் காட்டினாள். அந்த ஆரஞ்சு நிறத்தையே தேடிப் பிடித்து அடித்தார். சீட்டுத் துணிக்கு அவளைக் கோயமுத்தூருக்கே அழைத்துப் போனார். எங்கள் பியட்டுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று இவர் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. ஜானகி அதையெல்லாம் என்னிடம் வந்து சிரித்துச் சிரித்துச் சொல்லும்போது, நானும் சிரித்துக்கொண்டே அவள் காபியில் சர்க்கரையைக் குறைத்திருக்கிறேன்.

கடைசியில் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் ஓடவில்லை. அதாவது, நல்லசாமி அதை ஓட்டவிடவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் செய்ததை முடுக்க அவருக்கு மனசு வருமா? சவ ஊர்வலத்துக்குப் பின்னால் போவது போல உருட்டிக்கொண்டு போவார். அதுவும் போதாதென்று, பார்க்கிறவர்கள் எல்லோரும் "மெதுவா போங்க, பழைய வண்டி" என்று புத்தி சொன்னார்கள். வண்டி கரும்புகை தள்ளியது. பிளக்கெல்லாம் கரி பிடித்தது. மேட்டைக் கண்டால் தும்மிவிட்டு நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் போகும், மறுபடி நிற்கும். அந்தக் காரில் வந்த புகையைவிட இவர் காதில் வந்த புகைதான் அதுவரைக்கும் அதிகமாக இருந்தது. வண்டி நிற்க ஆரம்பித்ததும் அது அடங்கிவிட்டது. மாஸ்டா வெலிங்டனில் நின்றுபோன நாளில் இவர் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். பூசைப் பாட்டுகூடப் பாடினார்.

மே மாதம் வந்தது. ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்லசாமியும் ஜானகியும் வந்தார்கள். இவர் வாசலில் பியட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காபி எடுத்து வந்தேன்.

"அண்ணா, நாளைக்கி வண்டி ஊட்டி ஏறுமுங்களா?" என்று கேட்டார் நல்லசாமி. "நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா ஊரே சிரிக்குமுங்ணா. பெங்களூருக்காரர் ஒருத்தர் வெலைக்குக் கேட்டுட்டே இருக்காரு. நாளைக்கி ஏறலீன்னா அவருக்கே குடுத்துரலாம்னு இருக்கறேன். நீங்க சொல்லுங்க. ஏறச் சொன்னா ஏறறேன். வேண்டாம்னா ஷெட்டுலயே விட்டர்றேன்."

இவர் துணியை உதறினார். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோப்பை பத்திரம், மாஸ்டாவும் பெங்களூர் போய்விடும். ஆனால் அது இவருக்குப் போதவில்லை. பெங்களூரிலும் அது மாஸ்டாவாகத்தானே இருக்கும்?

"ஏறு" என்றார். "அருவங்காடு தாண்டினதும் ரெண்டாவது கியரைப் போடு. ஆக்சிலேட்டரை மிதி. தரையோட மிதி. இஞ்சின் சுத்து காட்டற அந்த டயல்ல ஏழுக்கு மேல செவப்புக் கோடு இருக்குதில்ல? முள்ளு அதைத் தொடற வரைக்கும் காலை எடுக்காத. தொட்டாலும் எடுக்காத. ஊட்டி வரைக்கும் அப்படியே போ."

என் கையிலிருந்த காபி தளும்பித் தட்டில் சிந்தியது. பியட்டை நாற்பதுக்கு மேல் ஓட்டாத மனுஷன் இவர். இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருகிறவர். நான் கதவை வேகமாகச் சாத்தினால்கூட "கீல் தேயும்" என்று கத்துகிறவர். அந்த வாயிலிருந்துதான் இப்படி ஒரு யோசனை வந்தது.

"சரிங்ணா" என்றார் நல்லசாமி. ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏனுங்க, மனசறிஞ்சுதான் சொன்னீங்களா? இஞ்சின் செதறிப் போகாதா?"

"அது ஜப்பான் இஞ்சினு. உனக்கென்ன தெரியும்?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஜெபமாலையில் இவர் குரல் வழக்கத்தைவிட உரக்க வந்தது.

விடிந்ததும் நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கீழ்த் தெருவுக்கு இறங்கிப் போனேன். ஜானகியிடம் எனக்கு என்ன எரிச்சல் இருந்தாலும், அவர்கள் உழைப்பு தூள்தூளாவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. மாஸ்டா வாசலில் நின்றது. சந்தனம், குங்குமம், செண்டுமல்லி மாலை. ஜானகி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நேத்து அவர் சொன்னதக் கேக்காதீங்க" என்றேன் நல்லசாமியிடம் நேராகவே. "அவர் மனசுல வேற இருக்குது. வண்டி வீணாப் போயிரும்."

நல்லசாமி சிரித்தார். "அண்ணி, உங்களுக்கு வேகம்னாலே பயமுங்க. அண்ணன் பியட்டுல போயிப் போயிப் பழகிட்டீங்க."

"பயம் இல்லீங்க தம்பி. நான் சொல்றது..."

"அண்ணனப் பத்தி எனக்குத் தெரியுமுங்க அண்ணி" என்றார் மெதுவாக. "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் எனக்குத் தெரியும்."

திரும்பி ஏறும்போது மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வேண்டிக்கொண்டேன்.

குன்னூரில் கொடி அசைத்தார்கள். எங்கள் பியட் மாஸ்டாவுக்கு நேர் பின்னால். இவரே கேட்டு வாங்கின இடம் அது. வெலிங்டனைத் தாண்டும்வரை மாஸ்டா வழக்கம்போல இருமிக்கொண்டே போனது. அருவங்காடு கடந்து மேடு ஆரம்பித்ததும் ஒரு சத்தம் கேட்டது. முதலில் முனகல், பிறகு ஊளை. ஒரு பெரிய கரும்புகை கிளம்பி எங்கள் கண்ணாடியையே மூடிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

"போச்சு" என்றார் இவர். சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. ஸ்டியரிங்கை விரலால் தட்டித் தாளம் போட்டார்.

புகை விலகியபோது முன்னால் சாலை காலியாக இருந்தது. மாஸ்டா கண்ணுக்குத் தெரியவில்லை.

"அடுத்த வளைவுல நிக்கும் பாரு" என்றார். அடுத்த வளைவில் ஒரு மாடுதான் நின்றது. "அதுக்கு அடுத்ததுல." அங்கே கேரட் மூட்டை ஏற்றின வேன் நின்றது. ஒவ்வொரு வளைவுக்கும் இவர் கழுத்தை நீட்டிக்கொண்டே போனார். எல்லநள்ளி வந்தபோது சாலையோரம் ஒரே கூட்டம். "அங்க!" என்று இவர் எழுந்தே விட்டார். கூட்டத்தின் அருகே போய் நிறுத்தினால், சனங்கள் எல்லோரும் மேலே ஊட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஒரு ஆரஞ்சு காரு போச்சுங்க சார், பாத்தீங்களா?" என்று ஒருவர் ஜன்னலில் குனிந்து கேட்டார். "என்ன சத்தம், என்ன சத்தம்! ரோட்டுலயே நிக்கல!"

தூரத்தில், கேத்திக்கு மேலே எங்கோ, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. இப்போது அதில் இருமல் இல்லை. பாக்டரியில் இலை வாட்டுகிற பெரிய விசிறி முழு வேகம் பிடித்ததும் ஒரே சீராக ஓடுமே, அந்த மாதிரி. பாக்டரி மூடியபிறகு அப்படி ஒரு சத்தத்தை இந்த மலையில் நாங்கள் கேட்கவே இல்லை. இவரும் கேட்டார். தாளம் போட்ட விரல் நின்றுபோனது.

"கரி" என்றார். "உள்ள அத்தனையும் கரி. சீலெல்லாம் கரியில ஒட்டிக் கிடந்திருக்கு. மிதிச்ச மிதியில கரி கழண்டு, சீல் விரிஞ்சு, இப்ப புடிச்சுக்கிச்சு. அந்த இஞ்சினுக்கு மெதுவாப் போறதுதான் நோவு. மிதிக்கறதுதான் மருந்து." அப்புறம் ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டார். "நானே மருந்து குடுத்துட்டேனே!"

ஊட்டி மைதானத்தில் நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். செண்டுமல்லி நிறத்தைச் சுற்றித்தான் கூட்டம் முழுவதும். பார்வையிட வந்தவர்கள் பியட் பக்கம் வந்து தலையாட்டிவிட்டு அங்கே போய்விட்டார்கள். கோப்பை யாருக்கு என்று மைக்கில் சொல்வதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவர் பியட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நல்லசாமி கோப்பையை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு மேடையெல்லாம் பழக்கமில்லீங்க. ஒண்ணு மட்டும் சொல்லீர்றேன். இந்தக் காரக் கண்டுபுடிச்சது நானில்லீங்க. எங்க கொர்னேலியஸ் அண்ணன். தேவர்சோலையில பானட்டத் தொறந்ததுமே அவருக்கு இது என்னன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்த மேனேஜர் காதுல உளுகோணும்னு, இதுல இஞ்சினே இல்லீன்னு சத்தமாச் சொன்னாரு. அதனாலதானுங்க எனக்கு இது கெடச்சுது. அன்னைக்கு எனக்கே வெளங்கல. அப்புறமேல்ட்டு ஊட்டுக்குப் போயிக் கேட்டேன். தெரியும்னு ஒரே வார்த்தைதான் சொன்னாரு. அவரு நெனச்சிருந்தா அவரே எடுத்திருக்கலாமுங்க. எனக்கு விட்டுக் குடுத்தாரு."

அந்தச் சாயங்காலம் நல்லசாமியின் கண் ஏன் கலங்கியது என்பது இப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இன்னொண்ணுமுங்க. இந்த வண்டிய மெதுவா ஓட்டு, மெதுவா ஓட்டுன்னு ஊருல அத்தன பேரும் சொன்னாங்க. நல்லா ஓடீருமோன்னு பொறாமைல சொன்னாங்களோ என்னமோ. முடுக்குடா, செவப்புக் கோட்டுக்கு மேல போடான்னு சொன்னவரு அண்ணன் ஒருத்தர்தான். எம்மேல பொறாமப்படாத ஒரே மனுசன் அவர்தானுங்க. இந்தக் கோப்பை அவர் ஊட்டுலதான் இருக்கோணும்."

கைதட்டல். இவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். கோப்பையைக் கையில் திணித்தார்கள், மைக்கை வாயருகே கொண்டுவந்தார்கள். வாரம் தவறாமல் நற்கருணை வாங்கிக்கொண்டு பொய்யைச் சுமக்க முடியவில்லையோ என்னவோ, திடீரென்று வாய் திறந்தார்.

"அதெல்லாம் இல்ல. எனக்கு அது இஞ்சின்னே தெரியல. தகரம்னு நெனச்சேன். நேத்து முடுக்கச் சொன்னதும் அக்கறையில இல்ல. இஞ்சின் வெடிச்சுச் செதறட்டும்னு சொன்னேன். பொறாமை. வயித்தெரிச்சல்."

கூட்டத்தில் யாரோ ஒருவர் பக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் நல்லசாமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் தோளைக் கட்டிப் பிடித்தார்.

"பாத்தீங்களா, எங்கண்ணன் குசும்ப! மூஞ்சி கொஞ்சமாச்சும் மாறுதா பாருங்க!"

மறுபடியும் கைதட்டல். நாலைந்து பேர் வந்து, தங்கள் வண்டியையும் ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று இவரிடம் கேட்டார்கள். ஒருவர் ஜீப் அனுப்புவதாகச் சொன்னார். ஜானகி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க" என்றாள். அவள் குரலில் நிஜமாகவே ஒரு ஏக்கம் இருந்தது.

திரும்பும்போது கோப்பை என் மடியில் இருந்தது. லவ்டேல் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போல இஞ்சினை அணைத்தார். பியட் சத்தமில்லாமல் உருண்டது. அப்போதுதான் பின்னால் அந்த முனகல் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். மாஸ்டா எங்களை ஒட்டினாற்போல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, முந்திப் போகச் சொல்லி ஆட்டினார். நல்லசாமி கும்பிடு போட்டார்; முந்தவில்லை. அண்ணனை முந்தமாட்டாராம். மறுபடி கையை ஆட்டினார். மறுபடி கும்பிடு.

முனகலில் லேசாக ஒரு இருமல் சேர்ந்தது. இவர் காது விடைத்தது. பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போனார். அடிக்கப் போகிறாரோ என்று பயந்து நானும் இறங்கினேன்.

"யோவ்!" என்று மாஸ்டாவின் பானட்டில் தட்டினார். "எம் பொறத்தால உருட்டிட்டு வந்தீன்னா மறுபடியும் கரி புடிச்சுக்கும்யா! அத்தனையும் வீணாப் போயிரும்! முந்திப் போ! மிதி! செவப்புக் கோட்டைத் தொடாம ஒரு நாளும் வண்டிய ஷெட்டுக்குள்ள விடாத, சொல்லிட்டேன்!"

"சரிங்ணா" என்றார் நல்லசாமி. நேற்றுச் சொன்ன அதே "சரிங்ணா".

செண்டுமல்லி நிறம் எங்களைத் தாண்டிப் பாய்ந்தது. ஜானகியின் முந்தானை ஜன்னலுக்கு வெளியே பறந்தது. வளைவில் மறைந்தபிறகும் சத்தம் மட்டும் மலைக்கு மலை கேட்டுக்கொண்டிருந்தது. இவர் நடுச்சாலையில் நின்று அது தேய்ந்து ஓயும்வரை கேட்டார்.

பிறகு வந்து உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார்.

"அது எனக்கு வர வேண்டிய வண்டி, பிலோமி."

"தெரியுமுங்க."

"நிம்மதியா ஒரு பொறாமைகூடப் பட விடமாட்டேங்கறானே அந்த ஆளு" என்றார்.

இவர் இஞ்சினைக் கிளப்பினார். அணைக்கவில்லை. இரண்டாவது கியரைப் போட்டு, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக பியட்டைத் தரையோடு மிதித்தார். வளைவில் கோப்பை என் மடியிலிருந்து உருண்டு காலடியில் விழுந்து கடகடவென்று உருண்டது. எடு என்று இவர் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.